ஆங்கிள்பாய்ஸா, டிட்ஸியோவா?

மேசை விளக்குக்கு உள்ள சோதனை ஒன்றுதான். விளக்கின் நீட்டிய கை நுனியில் தொங்கும் பல்பு விட்ட இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் நகரவும் வேண்டும். இதில் முழு மதிப்பெண் வாங்கிய பழைய விளக்குகள் என்று நான் இரண்டைத்தான் சொல்வேன்.

முதலாவது, இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜார்ஜ் கார்வர்டைன் உருவாக்கிய ஆங்கிள்பாய்ஸ். அவர் காரின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்புகளில் தேர்ந்த பொறியாளர். கையை எந்தக் கோணத்தில் வைத்தாலும் அதன் எடைக்குச் சரியாக ஈடுகொடுக்கும் சுருள்வில் அமைப்பைக் கண்டுபிடித்து, 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரெட்டிச் ஊரில் சுருள்வில் செய்துவந்த ஹெர்பர்ட் டெரி நிறுவனம் அதை விளக்காக்கி விற்றது. முதலில் நான்கு வில். 1935இல் வீடுகளுக்காக வந்த 1227 மாடலில் மூன்று.

அதே 1932இல் மியூனிக்கில் பிறந்தவர் ரிச்சர்ட் சாப்பர். இத்தாலியின் ஆர்ட்டெமிடே நிறுவனத்துக்காக 1972இல் அவர் வடிவமைத்த டிட்ஸியோதான் இரண்டாவது விளக்கு. அதில் வில்லே கிடையாது. கைகளின் மறுமுனையில் எதிர்எடைகள் இருக்கின்றன. தராசைப் போல அவையே சமநிலையைப் பார்த்துக்கொள்கின்றன. கைகளில் ஒயரும் இல்லை. அடிப்பாகத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்க, உலோகக் கைகளின் வழியாகவே அது ஹாலஜன் பல்புக்கு ஏறுகிறது. கனமான டிரான்ஸ்ஃபார்மர்தான் விளக்கு கவிழாமல் பிடித்துக்கொள்ளும் எடையும். மூட்டுகள் மடங்கவும் செய்கின்றன, மின்சாரத்தைக் கடத்தவும் செய்கின்றன. ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. இந்தச் சிக்கனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் பழைய விளக்கைத் தேடி வாங்குபவருக்கு இடறுவதும் இதே இடம்தான். 12 வோல்ட்டில் 50 வாட் பல்பு எரிய நான்கு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். அவ்வளவும் சின்னஞ்சிறு மூட்டுகளின் வழியே போகிறது. அவற்றில் அழுக்கோ தேய்மானமோ சேர்ந்தால் ஒளி நடுங்கும், மூட்டும் சூடாகும். ஆங்கிள்பாய்ஸில் வில் தளர்ந்தால் கை தொய்யும், அவ்வளவுதான், வில்லை மாற்றலாம். ஒயர் பழசாகியிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து எர்த்துடன் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் மாடல்களில் மாட்டுவது நம் வீடுகளில் இருக்கும் அதே இருமுள் பல்பு என்பது கூடுதல் வசதி.

ஆகவே தினமும் எழுதப் படிக்க ஒன்றுதான் வேண்டும் என்றால், தயங்காமல் ஆங்கிள்பாய்ஸ்.

புகழிலும் இருவர் வழி வேறு. கார்வர்டைனின் பெயர் பலருக்குத் தெரியாது. அவருடைய அமைப்போ உலகமெங்கும் பரவியது. நார்வேயின் யாக் யாக்கப்சன் 1937இல் கொண்டுவந்த லக்ஸோ விளக்கு அதன் வழித்தோன்றல். 1986இல் அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் குறும்படத்தில் துள்ளிக் குதித்தது அந்த லக்ஸோ குடும்பம்தான். சாப்பரோ வடிவமைப்பாளராகவே கொண்டாடப்பட்டார். சமையலறைப் பொருள்கள் செய்யும் அலெஸ்ஸி நிறுவனத்தின் இசைக்கும் கெட்டில், ஐபிஎம்மின் கறுப்புத் திங்க்பேட் மடிக்கணினி எல்லாம் அவர் கைவண்ணம். 2015இல் காலமானார்.

அழகுக்காக டிட்ஸியோதான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். விற்பவர் முன்னால் விளக்கை எரியவிட்டு, கைகளை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒளி ஒரு கணம் துடித்தாலும் மூட்டுகளுக்கு வேலை இருக்கிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.