இ.ஆர்.டபிள்யூ. குழாயா, டி.ஓ.எம். குழாயா?

இ.ஆர்.டபிள்யூ. என்பது மின்தடை வெல்டிங்கால் இணைத்த எஃகுக் குழாய்; டி.ஓ.எம். என்பது மாண்ட்ரல் எனும் உள்தண்டின் மேல் இழுத்த எஃகுக் குழாய். இவ்விரண்டையும் வெவ்வேறு இனங்களாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தொடக்கம் ஒன்றே. எஃகுப் பட்டையை உருளைகள் வட்டமாக வளைக்க, உயர் அலைவெண் மின்சாரம் அதன் விளிம்புகளைச் சூடாக்க, அழுத்து உருளைகள் அவற்றை நெருக்கி இணைக்கின்றன. நிரப்புக் கம்பி எதுவும் சேர்வதில்லை. இ.ஆர்.டபிள்யூ. குழாய் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். டி.ஓ.எம். குழாயோ அதன் பிறகு அமிலத்தில் கழுவப்பட்டு, மசகு பூசப்பட்டு, வெளியே அச்சு வளையமும் உள்ளே மாண்ட்ரலும் நெருக்கக் குளிர்நிலையில் இழுக்கப்படுகிறது. அதுவும் வெல்டிங்கால் இணைத்த குழாயே; ஆகவே அதைத் தையலற்ற குழாய் என்று அழைப்பது தவறு.

விலை: இ.ஆர்.டபிள்யூ. மலிவு, கூடுதல் வேலைகளால் டி.ஓ.எம். விலை கூடும்.

துல்லியம்: வெல்டிங் வரம்பைச் செதுக்கி நீக்காத இ.ஆர்.டபிள்யூ. குழாயின் உள்ளே விரல் விட்டால் அது நெடுக உரசும்; டி.ஓ.எம். குழாயில் அது ஏறக்குறைய மறைந்து, உள்விட்டமும் வெளிவிட்டமும் நெருங்கிய அளவுக்குள் நிற்கும்.

வலிமை: ஒரே தர எஃகானாலும் குளிர் இழுப்பு டி.ஓ.எம்.-இன் வலிமையை உயர்த்துகிறது. ஆனால் அதை மீண்டும் வெல்டிங் செய்தால், சூடுபட்ட இடத்தில் அந்த ஆதாயம் குறையும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கதவு, மேசை, கைப்பிடிச் சட்டங்களுக்கு இ.ஆர்.டபிள்யூ. தாராளமாகப் போதும். புஷ் எனும் செருகு வளையம், ஹைட்ராலிக் சிலிண்டர் போல உள்ளே இன்னொரு பாகம் இறுக்கமாகப் பொருந்தவோ நகரவோ வேண்டிய இடங்களில் டி.ஓ.எம். வாங்குங்கள்.