பெயின்ட் வாளியா, மண்பானையா, டிரம்மா?

சமையலறைக் கழிவை மக்க வைக்கக் கடைத்தொட்டி வாங்கத் தேவையில்லை. நான்கைந்து பேர் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு என் தேர்வு 20 லிட்டர் பெயின்ட் வாளி. தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயின்ட் இருந்த வாளியாக இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் இருந்த வாளியை உரத்துக்கு எடுக்காதீர்கள்.

வாளியின் பெரிய குறை, பிளாஸ்டிக் சுவர் மூச்சு விடாது என்பதுதான். பக்கங்களில் வரிசையாகவும் அடியில் நான்கைந்து இடங்களிலும் துளையிட்டு, ஈ நுழையாதபடி உட்புறம் கொசுவலை ஒட்டி, இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே தட்டு வைக்க வேண்டும். கம்பியைக் காய்ச்சித் துளையிட்டால் புகை நெஞ்சை அடைக்கும், டிரில் போதும். இரண்டு வாளி இருந்தால் ஒன்று நிரம்பும்போது மற்றொன்று மக்கிக்கொண்டிருக்கும்.

மண்பானைக்கு இந்தச் சிரமம் குறைவு. அதன் சுவரே ஈரத்தைக் கசியவிட்டுக் காற்றையும் உள்ளே எடுக்கும். விரிசல் விட்ட பழைய தண்ணீர்ப் பானை இதற்குப் பொருத்தம், விரிசலே வடிகால். ஆனால் கோடையில் மொட்டைமாடியில் வைத்தால் உள்ளே காய்ந்து மக்குவது நின்றுவிடும். அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். நிழலான பால்கனி உள்ளவர்கள் வாளியைவிடப் பானையையே எடுக்கலாம்.

எதில் போட்டாலும் நாற்றத்தைத் தீர்மானிப்பது கழிவின் கலவை. காய்கறித் தோலில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம். அதற்கு ஈடாகச் சருகு, கிழித்த செய்தித்தாள், தேங்காய் நார்த்தூள் என்று கார்பன் சேர்க்க வேண்டும். எடையில் கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கணக்கில், ஒரு கை ஈரக் கழிவுக்கு ஒன்றிரண்டு கை உலர்ந்தது. பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

200 லிட்டர் நீல டிரம் பலரையும் மயக்குகிறது. ஈரக் கழிவால் நிரம்பினால் நூறு கிலோவைத் தாண்டும், கிளறுவது தோள்வலி. மரம் சூழ்ந்த வளாகம், சருகு மலிந்த பள்ளி என்றால் சரி. முன்பு எந்த ரசாயனம் இருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடவே வேண்டாம்.

தோட்டம் உள்ளவர்களுக்கு மரப் பேலட்கள் (சரக்கை அடுக்கி ஏற்றும் மரச் சட்டங்கள்) நான்கை நிறுத்திக் கட்டிய பெட்டி நல்லது. ஒரு கன மீட்டர் அளவு குவிந்தால்தான் குவியல் தானாகச் சூடேறிக் களை விதைகளையும் கொல்லும். வாளிக்கும் பானைக்கும் அது வராது. பேலட்டில் ஹெச்டி (HT) முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது, தவிர்க்கவும். கீழே கம்பிவலை விரிக்காவிட்டால் எலி குடியேறும்.

டயரை அடுக்கிச் செய்வதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அதன் உள்விளிம்பில் தேங்கும் மழைநீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடம்.