மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர்: சிபியு 100% காட்டுதுன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சின்ன ஆபீஸ், டியூஷன் சென்டர், பிரவுசிங் சென்டர் மாதிரி இடத்துக்கு எந்த ரவுட்டர் போடலாம்னு யாராவது கேட்டா நான் இப்பவும் ஹெக்ஸ் தான் சொல்வேன். ஆர்பி750ஜிஆர்3 மாடல், 2016ல வந்தது, அஞ்சு கிகாபிட் போர்ட், 256 எம்பி ரேம், உள்ள மீடியாடெக் எம்டி7621ஏ சிப், 880 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு கோர், நாலு த்ரெட். அப்ப கம்பெனி போட்ட விலை 59.95 டாலர். வைஃபை கிடையாது, அதுக்குத் தனியா ஆக்சஸ் பாயின்ட் வாங்கணும். கையளவு டப்பா, ஃபேன் சத்தம் இல்ல, மாசக்கணக்குல ரீஸ்டார்ட் பண்ணாம ஓடும்.

ஆனா இதைப் பத்தி வர்ற புகார் எல்லாமே ஒரே மாதிரி தான் இருக்கு, "300 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டிருக்கேன், 100 தான் வருது, சிபியு 100% நிக்குது, ரவுட்டர் வேஸ்ட்"னு. என் அனுபவத்துல பாதிக்கு மேல அது ரவுட்டரோட தப்பு இல்ல, உள்ள எழுதி வச்சிருக்க கான்ஃபிக், அதாவது செட்டிங்ஸ்.

பாளையங்கோட்டைல நண்பன் ஒருத்தன் கோச்சிங் சென்டர் வச்சிருக்கான், அங்க பார்த்ததைச் சொல்றேன். லேப்டாப்பை நேரா ஓஎன்டில (ஃபைபர் லைன் வந்து சேர்ற பெட்டி) சொருகினா ப்ளான் ஸ்பீடு முழுசா வருது, ஹெக்ஸ் வழியா போனா 110, 120 தாண்டல. "மாப்ள, கடைல பெரிய ரவுட்டர் மாத்துனா தான் சரியாகும்னு சொல்லிட்டாங்கடா"ன்னான். கொஞ்சம் பொறுடான்னு சொல்லிட்டு வின்பாக்ஸைத் (மைக்ரோடிக்கை செட் பண்ற சாஃப்ட்வேர்) திறந்து டூல்ஸ் மெனுல ப்ரொஃபைலை ஓட்டினேன். எது எவ்வளவு சிபியு தின்னுதுன்னு பேர் வாரியா காட்டற இடம் அது, இந்த விலைல வர்ற வேற வீட்டு ரவுட்டர்ல இப்படி ஒரு வசதியை நான் பார்த்ததில்ல, இதுக்காகவே இந்தப் பெட்டிக்கு மார்க் போடலாம். ஃபயர்வால், எல்7-மேட்சர் (பாக்கெட் உள்ள வார்த்தை தேடறது), க்யூயிங் (ஸ்பீடு லிமிட் போடறது), டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்தறது), இந்த நாலும் தான் மேல நின்னுச்சு. நாலுமே முன்னாடி செட் பண்ணிக் குடுத்தவர் எங்கருந்தோ காப்பி பண்ணி ஒட்டினது.

முதல்ல எல்7. யூடியூபை ப்ளாக் பண்றேன்னு லேயர் 7 ரெஜெக்ஸ் (எழுத்து பேட்டர்ன் வச்சுத் தேடற) ரூல் வரிசையா போட்டு வச்சிருக்கார். அது ஒவ்வொரு கனெக்ஷன்லயும் முதல் 10 பாக்கெட் இல்ல 2 கேபி டேட்டாவைச் சேர்த்து வச்சு உள்ள தேடும், அதுவும் எந்தக் கண்டிஷனும் இல்லாம ஃபார்வர்ட் செயின்ல (ரவுட்டர் வழியா கடந்து போற ட்ராஃபிக்குக்கான ரூல் வரிசை) போட்டா எல்லா ட்ராஃபிக்கும் அதுல மாட்டும். யூடியூப் இப்ப பெரும்பாலும் குயிக் (QUIC)ங்கற ப்ரோட்டோகால்ல என்க்ரிப்ட் ஆகி ஓடுது, அதுல ரெஜெக்ஸ் வச்சுத் தேடி என்ன கிடைக்கப் போகுது, சிபியு போனது தான் மிச்சம். அத்தனையும் தூக்கிட்டு டிஎன்எஸ் ஸ்டாட்டிக்ல (ஒரு பேருக்கு என்ன பதில்னு நாமளே எழுதி வைக்கற இடம்) ப்ளாக் பண்ணேன்.

அடுத்து டிஎன்எஸ். அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ் (மத்தவங்க கேட்டாலும் ரவுட்டர் பதில் சொல்லும்) டிக் போட்டிருக்கு, வெளிய இருந்து டிஎன்எஸ் கேள்வி வர்ற 53ம் போர்ட்டை அடைக்கல. அப்ப ஊர்ல இருக்கவன் எல்லாம் உங்க ரவுட்டர்கிட்ட டிஎன்எஸ் கேப்பான், யாரையோ தாக்கறதுக்கு உங்க லைன் பயன்படும், உங்க அப்லோடும் போயிடும். இன்புட் செயின்ல (ரவுட்டருக்கே வர்ற ட்ராஃபிக்குக்கான ரூல் வரிசை) வேன் (WAN, இன்டர்நெட்) பக்கம் இருந்து வர்ற யுடிபி 53, டிசிபி 53 ரெண்டையும் ட்ராப் பண்ணதும் அந்த வரி ப்ரொஃபைல்ல கீழ இறங்கிடுச்சு. பழைய பெட்டி வாங்கினவங்க இன்னொண்ணும் பாருங்க, 2018ல வின்பாக்ஸ் ஓட்டை ஒண்ணு வந்துச்சு, அதோட நம்பர் சிவிஇ-2018-14847, அது வழியா புகுந்து வெப் ப்ராக்ஸியை (வெப் ட்ராஃபிக்கை இடையில வாங்கி அனுப்பறது) ஆன் பண்ணி காயின் மைனிங் ஸ்கிரிப்ட் வச்சாங்க. உங்களுக்குத் தெரியாம வெப் ப்ராக்ஸியோ சாக்ஸோ (SOCKS, இன்னொரு வகை ப்ராக்ஸி) ஆன்ல இருந்தா, ஷெட்யூலர்ல (குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்ட்டைத் தானா ஓட்டறது) நீங்க எழுதாத வரி இருந்தா, நெட்இன்ஸ்டால் பண்ணி புதுசா ஏத்துங்க, வேற வழியே யோசிக்காதீங்க.

இப்ப மெயின் விஷயம், ஃபாஸ்ட்ட்ராக். ஏற்கனவே எஸ்டாப்ளிஷ் ஆன, அதாவது ஒரு தடவை அனுமதிச்சு ஓடிட்டு இருக்க கனெக்ஷனை ஃபயர்வால், க்யூ எதுலயும் நிறுத்தாம நேரா விடறது, டோல்கேட்ல பாஸ் வண்டி போற மாதிரி. டிஃபால்ட் கான்ஃபிக்லயே இது இருக்கும். ஆனா ஃபாஸ்ட்ட்ராக் இருந்தா சிம்பிள் க்யூ வேலை செய்யாது, அதனால ஆளாளுக்கு ஸ்பீடு லிமிட் போடணும்னு இதை ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு க்யூன்னு நீளமா எழுதிடறாங்க. இங்கயும் அதே கதை தான். நான் பண்ணது, ஸ்டூடன்ட் வைஃபையைத் தனி சப்நெட்டா (தனி ஐபி வரிசை) பிரிச்சு அதுக்கு மட்டும் பிசிக்யூ (ஸ்பீடை எல்லாருக்கும் சமமா பிரிக்கற முறை) வச்சு ஒரே க்யூ, ஆபீஸ் ட்ராஃபிக் முழுக்க ஃபாஸ்ட்ட்ராக். அக்செப்ட் எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் ரூலை ஃபாஸ்ட்ட்ராக்குக்கு அடுத்தே மேல ஏத்திட்டேன், அது அடியில கிடந்துச்சு, ஒவ்வொரு பாக்கெட்டும் மேல இருக்க அத்தனை ரூலையும் தாண்டி வந்துட்டு இருந்துச்சு. ஐபிசெக் விபிஎன் (இன்டர்நெட் வழியா என்க்ரிப்ட் பண்ண தனி டனல்) வச்சிருக்கவங்க மட்டும் அந்த ட்ராஃபிக்கை ஃபாஸ்ட்ட்ராக்ல இருந்து விலக்கி வைங்க, இல்லன்னா டனல் சொதப்பும். எல்லாம் முடிச்சு ஆபீஸ் லேப்டாப்ல டெஸ்ட் போட்டா ப்ளான் ஸ்பீடு முழுசா வந்துச்சு, பழைய அதே பெட்டி தான்.

பல பேர் ஏமார்ற இடம் ஒண்ணு இருக்கு. சிபியு 25% தான் காட்டுது, ஆனா ஸ்பீடு வரலன்னு சொல்வாங்க. நாலு த்ரெட்ல ஒண்ணு 100% அடிச்சு நின்னாலே மொத்தக் கணக்குல 25% தான் வரும். சிஸ்டம், ரிசோர்சஸ் போய் சிபியு பட்டனை அழுத்தி ஒவ்வொண்ணா பாருங்க. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு குடுத்து கனெக்ட் ஆகற) லைன்ல இது நிறைய நடக்கும், லோடு ஒரே கோர் மேல சாயும். அதே மாதிரி ரவுட்டர்லயே பேண்ட்விட்த் டெஸ்ட் ஓட்டி ஸ்பீடு கம்மின்னு முடிவு பண்ணாதீங்க, அந்த டெஸ்ட்டே சிபியுவைத் தின்னுரும், ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர் வச்சு ரவுட்டர் வழியா ஓட்டணும். சிபியு சும்மா கிடந்து ஸ்பீடு சரியா 94, 95ல நின்னா கேபிளைப் பாருங்க, லிங்க் 100ல ஏறியிருக்கும், க்ரிம்பிங்ல ஒரு ஜோடி சரியா உக்காரல.

குறைன்னு சொல்லணும்னா, விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியா பிரிக்கறது) ஃபில்டரிங் போட்டா ரவுட்டரோட பழைய சாஃப்ட்வேர் ரவுட்டர்ஓஎஸ் 6ல ஹார்ட்வேர் ஆஃப்லோட் (சிபியுவைத் தொடாம சுவிட்ச் சிப்பே வேலை பார்க்கறது) போயிடும், ஒரே சுவிட்ச்ல இருக்க ரெண்டு கம்ப்யூட்டர் ஃபைல் காப்பி பண்ணாலும் சிபியு ஏறும், 7க்கு மாறினா தான் இந்தச் சிப்ல அது சரியாகுது. மெனு புதுசா வர்றவங்களுக்கு மிரட்சியா இருக்கும், அதனால தான் கண்டதையும் காப்பி பண்ணி ஒட்டறாங்க, கம்பெனி இதை இன்னும் எளிமையாக்கணும்.

300, 400 எம்பிபிஎஸ் லைன், கொஞ்சம் ரூல், ஃபாஸ்ட்ட்ராக், இப்படின்னா தயங்காம ஹெக்ஸ் வாங்குங்க. 1 ஜிபிபிஎஸ் லைன்ல எல்லாருக்கும் க்யூ வேணும், விலான் வேணும், விபிஎனும் வேணும்னா இது தாங்காது, காசு சேர்த்து ஆர்பி5009 போயிடுங்க, அது நாலு கோர் ஏஆர்எம், 1 ஜிபி ரேம். வாங்கறது எதுவா இருந்தாலும் டிஃபால்ட் ஃபயர்வாலை அழிக்காதீங்க, அது மேல உங்களுக்கு வேண்டியதை மட்டும் சேருங்க.