தூக்கத்தை அளக்கும் கைப்பட்டை: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

பேட்டரி தேய்ந்து பழுதுபார்க்கச் சென்றிருந்த என் கைப்பட்டை சென்ற வாரம் திரும்பி வந்தது. அதை மீண்டும் கட்டியிருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதை வாங்கினால் வேலையில் கவனம் கூடுமா?" என்று கேட்டார். அவர் இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறிப் பார்ப்பவர். திரை, எடை, நீர் புகாமை ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கையின் அசைவையும், தோலின் மீது படும் பச்சை ஒளியின் வழியே நாடித் துடிப்பையும் கணித்து, நான் எப்போது உறங்கினேன், எப்போது எழுந்தேன் என்பதை இந்தப் பட்டை பெரும்பாலும் சரியாகவே பதிவு செய்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்த நேரத்தையும் உறக்கம் என்று எழுதிக்கொள்ளும் குறை உண்டு. இந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான குறை அது. ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று அது பிரித்துக் காட்டுவதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆய்வகத்தில் மூளை அலைகளையும் கண்ணசைவையும் தசை இறுக்கத்தையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிப்பதை மணிக்கட்டிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

எதிர்பாராத நன்மை, பட்டை காட்டும் உறக்க நேரத்தின் வாராந்திரச் சராசரியில் கிடைத்தது. 2003-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இரண்டு வாரங்கள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவுகள் வரை முற்றிலும் உறங்காதவர்களின் நிலைக்கு இறங்கின. ஆனால் தாங்கள் அவ்வளவு மந்தமாகிவிட்டதை அவர்கள் பெரும்பாலும் உணரவில்லை. ஆகவே, "எனக்கு ஐந்தரை மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது, அதைச் சொல்லும் மூளையே சோர்ந்திருக்கக்கூடும். அந்தச் சாட்சியத்தை நம்புவதைவிடப் பதிவேட்டை நம்புவது மேல். அந்தப் பதிவேட்டைச் சலிக்காமல் எழுதித் தந்ததற்காக இந்தப் பட்டைக்கு நன்றி சொல்கிறேன்.

அந்தச் சராசரி ஆறு மணி நேரத்துக்குக் கீழே போன வாரங்களை என் பணிக் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தபோது, முதலில் குறைந்தது வேகம் அன்று, பொறுமை. மின்னஞ்சல் பதில்கள் சுருங்கி, கடுகடுப்பாகின. சாதாரண விளக்கம் கேட்ட சக ஊழியரின் கேள்வி குற்றச்சாட்டுப் போலக் காதில் விழுந்தது. கூட்டத்தில் பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது கடினமாயிற்று. இதற்கு உடலியல் அடிப்படை உண்டு. ஓர் இரவு முழுவதும் உறங்காதவர்களுக்கு மனத்தைக் கலங்கச் செய்யும் படங்களைக் காட்டியபோது, மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகத் தூண்டப்பட்டதையும், அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியுடனான இணைப்பு தளர்ந்திருந்ததையும் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தூக்கக் குறைவைத் திறமைக் குறைவாக மட்டுமே பேசுகிறோம். அலுவலகத்தில் அதன் விலையை முதலில் கொடுப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். காலையில் கண் விழித்ததும் திரையில் முதலில் தோன்றுவது நூற்றுக்கு இத்தனை என்ற உறக்க மதிப்பெண். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற விளக்கம் எங்கும் இல்லை. அதை மறைக்கவோ மாலைக்குத் தள்ளிவைக்கவோ வழியும் இல்லை. தயாரிப்பாளரின் உதவி மையத்துக்குப் பலமுறை எழுதியும், இதுவே இந்தக் கருவியின் சிறப்பு என்ற பதில்தான் வந்தது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், முந்தைய இரவு உங்கள் உறக்கத்தின் தரம் குறைவு என்று பொய்யாகச் சொல்லப்பட்டவர்கள், உண்மையில் எப்படி உறங்கியிருந்தாலும், கவனத் தேர்வில் பின்தங்கினார்கள். தரம் நன்று என்று சொல்லப்பட்டவர்கள் மேலாகச் செய்தார்கள். அப்படியானால் தெளிவாக எழுந்த ஒருவருக்கு அறுபதுக்குக் குறைவாக ஒரு எண்ணைக் காட்டி, முக்கியமான கூட்டத்துக்கு அனுப்பிவைப்பது அளவீடு ஆகாது, தலையீடு. கருவியின் எண்களைத் துரத்தியே உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு 2017-இல் மருத்துவர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். அதற்குப் பின்னும் அந்த எண்ணை அணைக்க ஒரு பொத்தான் வைக்க மனம் வரவில்லையே என்பதுதான் என் கோபம்.

நண்பரைப் போன்றவர்களுக்கு இது இன்னும் மோசம். இரவுப் பணி முடித்துப் பகலில் முழு உறக்கம் உறங்கினாலும், என் பட்டை அதைக் குட்டித் தூக்கம் என்று ஒதுக்கிவிட்டு, இரவைத் தோல்வியாகக் குறித்துவைக்கிறது. அவருக்குத் தேவையானது விழித்து எத்தனை மணி நேரமாயிற்று என்ற கணக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் குறைகிறது என்று 1997-லேயே காட்டப்பட்டுவிட்டது. எழுந்த நேரம் பட்டையிடம் இருக்கிறது, கடிகாரமும் இருக்கிறது. கழித்துக் காட்டுவது மட்டும் இல்லை.

இவ்வளவு நன்மை சொன்ன பிறகும் நண்பருக்கு நான் தந்த பதில், வாங்க வேண்டாம் என்பதே. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் சில வாரங்கள் தாளில் குறித்து, வாரச் சராசரியைத் தாமே போட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் கட்டியிருப்பதைக் கழற்றப் போவதில்லை. அந்தச் சராசரி எனக்கு வேண்டும். மதிப்பெண்ணை மறைக்கும் வசதி மென்பொருளில் வந்தால், அன்றே அவருக்குச் சொன்ன பதிலை மாற்றிக்கொள்வேன்.