கண் டாக்டருக்கு முழு மதிப்பெண், லேபுக்குப் பாதிதான்

கை நடுக்கத்தோடு நான்கு வருடம் அலைந்தேன். முதலில் டென்ஷன் என்றார்கள், அப்புறம் தைராய்டு பார்த்தார்கள், கடைசியில் பார்க்கின்சன் என்று மாத்திரையே கொடுத்துவிட்டார்கள். 47 வயதுக்காரனுக்கு வில்சன் நோய், அதாவது செம்பு வெளியேறாமல் உடம்பில் தேங்கும் பரம்பரை நோய், இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அது இளவயதில் வருவது என்றுதான் நினைப்பு. இந்த மையத்தின் நரம்பியல் டாக்டர்தான், பழைய ரிப்போர்ட்டில் கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடியிருந்ததைப் பார்த்துவிட்டு, "கீழே கண் பிரிவில் காட்டிட்டு வாங்க" என்றார்.

நடுக்கத்துக்குக் கண் டாக்டரா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் தாடையை வைத்தேன். மேல் இமையைத் தூக்கிப் பிடித்து, "கீழே பாருங்க" என்றார். கோடு போன்ற வெளிச்சம் கருவிழி ஓரமாக நகர்ந்தது. பேச்சே இல்லை. பிறகு பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். செம்பு படிந்து பழுப்பாக ஒரு வளையம். கெய்சர்-ஃபிளெய்ஷர் வளையம் என்று பெயராம். பெரும்பாலும் மேல் ஓரத்தில்தான் தொடங்குமாம், இமைக்கு அடியில். கண்ணாடி பவர் பார்த்த இடங்களில் யாரும் இமையைத் தூக்கியதில்லை.

லேப்தான் சொதப்பல். 24 மணி நேரச் சிறுநீருக்குக் கேனை நீட்டினார்களே தவிர, முதல் நாள் காலைச் சிறுநீரைக் கொட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டுபோனேன். மறுபடியும் ஒரு நாள் லீவு. இரண்டாவது முறை செம்பு 186 மைக்ரோகிராம். 100-ஐத் தாண்டினாலே சந்தேகம் வலுக்கும். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் 20-க்குக் குறையக்கூடாது, எனக்கு 14. இந்த நோயை உறுதிசெய்ய மதிப்பெண் போடும் 'லைப்சிக்' கணக்கை நரம்பியல் டாக்டர் எழுதியே காட்டினார்: வளையத்துக்கு 2, சிறுநீருக்கு 2, இரத்தத்துக்கு 1, நடுக்கத்துக்கு 1. பாஸ் மார்க் 4. நான் அதைத் தாண்டி வாங்கிய பரீட்சை இது ஒன்றுதான்.

செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். நடுக்கம் முதலில் கூடினாலும் கூடலாம், தானாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். முதல் மாதம் கூடத்தான் செய்தது. சொல்லாமல் விட்டிருந்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பேன். எட்டு மாதம் ஆகிறது. சட்டைப் பொத்தானை இப்போது நானே போடுகிறேன்.

உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்பதால் அன்றைக்கே தம்பிக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவன் இன்னும் போகவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்கிறான். சனிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். கேன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன்.