வேப்பமரத் தச்சுப் பெஞ்சு: நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

ஆறடி நீளம், 22 அங்குல அகலம், 32 அங்குல உயரம். மேல்பலகை வேம்பு, 3 அங்குலக் கனம். கால்கள் வாகை, 4×4 அங்குலம். முன்பக்கம் மரத்தைத் திருகி இறுக்கிப் பிடிக்க 9 அங்குல வைஸ் ஒன்று. கையால் இழைத்து, கையால் துளை போட்டுச் செய்த இந்தப் பெஞ்சு நான்கு ஐப்பசி மழையையும் நான்கு கோடையையும் பார்த்துவிட்டது. எடை 90 கிலோவுக்குப் பக்கம். இழைப்புளியை முழு பலத்தோடு தள்ளினாலும் நகராது. ஆனால் எல்லாம் இப்படி ஒழுங்காக அமையவில்லை.

மரத்திலிருந்து தொடங்குவோம். சேதாரம் சேர்த்து ஆறரை கன அடி தேவை. அதில் ஏறக்குறைய மூன்றரை மேல்பலகைக்கே போய்விடும். அகலப் பலகை வாங்க வேண்டாம். 2×3¼ அங்குலத்தில் ஆறேகால் அடிச் சட்டம் 12 அறுத்து வாங்கி, பக்கம் பக்கமாக ஒட்டுவதுதான் மலிவு, வளைவதும் குறைவு. மரவாடியில் நிலைச் சட்டத்துக்கென்று வைத்திருப்பது பெரும்பாலும் பாதி பச்சை. நிலையைச் சுவர் பிடித்துக்கொள்ளும், பெஞ்சை யார் பிடிப்பது? சட்டங்களுக்கு நடுவே ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கி, முனைகளில் பழைய பெயிண்டைப் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் முனை வெடிக்கும். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு சட்டத்தை வாரம் ஒருமுறை எடை போடலாம். நான்கு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் ஒட்டலாம்.

இந்தப் பெஞ்சில் இரண்டு சட்டங்கள் அவசரத்தில் உள்ளே போனவை. முதல் சித்திரையிலேயே இரண்டும் பக்கத்துச் சட்டங்களைவிட ஒரு மி.மீ. தாழ்ந்துவிட்டன. பசை விடவில்லை, ஆனால் மேல்பலகை முழுவதையும் மறுபடி இழைக்க வேண்டியதாயிற்று. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியையும் அறுத்து ஒதுக்கிவிடுங்கள். வண்டு முதலில் கை வைப்பது அங்கேதான்; வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதியை, அவ்வளவாகச் சீண்டாது.

ஒட்டும்போது 12 சட்டத்தையும் ஒரே மூச்சில் சேர்க்க நினைப்பது பெரிய தவறு. நம் வெயிலில் வெள்ளைப் பசை பத்து நிமிடத்துக்குள் தோல் கட்டிவிடும். நான்கு நான்காக மூன்று கட்டைகள் ஒட்டி, ஒரு நாள் விட்டு, அந்த மூன்றையும் சேர்ப்பதே பாதுகாப்பு. எட்டு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் என்றால் ஒன்பது வேண்டும்; பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வில்லாகாது. நீர் தாங்கும் மரைன் வகைப் பசை போட்டதால் நான்கு ஆண்டில் ஓர் ஒட்டுக்கூடப் பிரியவில்லை.

வேம்பின் நார் பின்னிப் பின்னிப் போகும். நேராக இழைத்தால் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் குறுக்காக, பிறகு கோணலாக, கடைசியில்தான் நீளவாக்கில் இழைக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு இழைப்புளித் தகட்டை நன்றாகத் தீட்டி, அதன்மேல் படியும் மேல்தகட்டை வெட்டுமுனைக்கு அரை மி.மீ.க்குள் நகர்த்தினால் பிய்ச்சல் அடங்கும். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, நேரான இரண்டு ரீப்பரை இரு முனையிலும் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணோட்டம் விட்டாலே போதும்.

கால் சட்டகத்தில் குட்டைக் குறுக்குச் சட்டங்களுக்குக் கழுந்தும் (துளைக்குள் நுழையும் நாக்கு) துளையும் போட்டு, முளை அடிக்கும்போது மூட்டு இறுகும்படி கழுந்தில் முளைத் துளையை ஒன்றரை மி.மீ. தள்ளிப்போட்டுக் கருவேல முளை அடித்திருக்கிறது. இன்றுவரை துளி ஆட்டம் இல்லை. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் முளை உடையும். நீளச் சட்டங்களுக்கு அரை அங்குலப் போல்ட். கோடையில் அரைச் சுற்று தளரும், ஸ்பேனரால் இறுக்கினால் சரியாகிவிடும். வீடு மாற்றும்போது கழற்றவும் முடியும்.

மேல்பலகை கால்மேல் உட்காரும் இடத்தை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். மழைக்கும் கோடைக்கும் நடுவே அகலம் இரண்டு, மூன்று மி.மீ. ஏறி இறங்குகிறது. முன்பக்கத் திருகாணிக்கு வட்டத் துளையும், பின்பக்கத்துக்கு நீள்துளையும் போட்டதால் அசைவெல்லாம் பின்னால் போய்விடுகிறது; முன்விளிம்பு கால்களோடு ஒரே மட்டத்தில் நிற்கிறது. பலகையை நிமிர்த்திப் பிடித்து ஓரம் இழைக்க அந்த மட்டம் அவசியம்.

இதே பாடத்தை வலது முனையில் மறந்ததன் விளைவு, ஒரு வெடிப்பு. அழகுக்காகக் குறுக்கே ஒரு முனைப்பலகை, அகலம் முழுக்கப் பசை. மேல்பலகை சுருங்கப் பார்த்தது, முனைப்பலகை விடவில்லை. மே மாதத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். இப்போது அதை அறுத்தெடுத்து, நடுவில் மட்டும் பசை, இரு பக்கமும் நீள்துளைத் திருகாணி. முனைப்பலகை இல்லாமலேயே விட்டிருக்கலாம் என்பதுதான் உண்மை.

பலகையைப் பெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும் வளைந்த பிடிகம்பிக்கு 19 மி.மீ. துளைகள். 3 அங்குலக் கனத்தில் நன்றாகக் கவ்வும். வழுக்கினால் கம்பியின் உடம்பை உப்புத்தாளால் குறுக்கே தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வைஸின் ஒரு பக்கம் மட்டும் மரத்தைப் பிடிக்கும்போது, மறுபக்கம் அதே கனத்தில் ஒரு துண்டு வைக்காவிட்டால் தாடை கோணும்.

மேலே வார்னிஷ் வேண்டாம், பலகை வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் காயாது, பூஞ்சையும் பிடிக்கும், மாசியில் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு.

கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டும், சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவே நான்கு அங்குல இடைவெளியும் இருக்கின்றன. கரையான் மண் கட்டி ஏறினால் கண்ணில் படும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். மூன்றாம் ஆண்டில் பின்காலில் ஒரு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது, அப்போதே சுரண்டிப் போராக்ஸ் கரைசல் பூசியாயிற்று.