குற்றாலத்தில் என் காலைத் தொட மறுத்தவர்

டொரொண்டோவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்து சேர 20 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுநாள் இரவே பொதிகையில் ஏறித் தென்காசி. ஜூலை மாதம், நல்ல சாரல். இந்தத் தடவை குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும் என்று புறப்படும்போதே நினைத்திருந்தேன். இடது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு இருந்தது. ரயிலில் காலை மடக்கிப் படுத்ததால் வந்த சுளுக்கு, நன்றாக நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் போனது விடுதிப் பக்கத்தில் ஏசி போட்ட ஒரு மசாஜ் கடை. விலைப்பட்டியலை நீட்டினார்கள், உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. உட்கார்ந்ததுமே பின்னால் நின்றவர் தாடையைப் பிடித்துக் கழுத்தில் நெட்டி முறிக்கப் போனார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கழுத்தை அப்படி வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும். நம் ஊர் சலூன்களில் கேட்காமலே இதைச் செய்கிறார்கள். தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அடுத்து ஐந்தருவி போகும் வழியில் ஒரு சின்னக் கடை. அறுபது வயது இருக்கும் அவருக்கு. படுக்கச் சொல்வதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்தார். "அண்ணாச்சி, சுகர் இருக்கா? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுதீங்களா? ஆபரேஷன் எதுவும் பண்ணியிருக்கா? சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?" சர்க்கரை இருந்தால் என்ன என்று கேட்டேன். பாதம் மரத்துப்போனவர்களுக்கு எண்ணெயின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும் என்றார். துவைத்த துண்டை விரித்தார். எண்ணெயை என் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு, சூடு போதுமா என்று கேட்டார்.

காலுக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. இரண்டு கெண்டைச் சதையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். "இது மட்டும் வீங்கியிருக்கு, சுடவும் செய்யுது. எவ்வளவு நேரம் உக்காந்து வந்தீங்க?" சொன்னேன். "அப்போ இதுல நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க." காசும் வாங்கவில்லை.

தென்காசியில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றிருந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தாலே இதற்கு வாய்ப்பு உண்டாம். பயணம் முடிந்து சில வாரம் வரைக்கும்கூட வரலாமாம். அதை அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம், உயிரே போகலாம். மருத்துவர் சொல்லச் சொல்ல எனக்கு முதல் கடைதான் நினைவுக்கு வந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் இறங்கிய இரண்டாம் நாளே மசாஜுக்குப் போகிறோம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் தேய்க்கக் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும், எலும்பு தேய்ந்த பெரியவர்களும், காய்ச்சலோ புண்ணோ படர்தாமரையோ உள்ளவர்களும் கடைக்காரர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லிவிட வேண்டும். அப்புறம், எண்ணெய் உடம்போடு அருவிக்குப் போகக் கூடாது. அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை, பாறையும் வழுக்கும். கடையிலேயே சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க எனக்கு 3 மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை சாப்பிடும்போது அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தம் கன்றிவிடும் என்பதால் அது முடியும்வரை மசாஜே இல்லை. திரும்பும் நாளை மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போட்டேன். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்து, ஸ்கேனில் வந்ததைச் சொன்னேன். என் காலைத்தான் முதலில் பார்த்தார். "வீக்கம் வடிஞ்சிருக்கு" என்றார்.